அரண்மனைக் கணப்புகளுக்குப் பொன் பூசியவர்

பாரிஸ் நகரின் பத்தாவது வட்டாரத்தில் பியேர் புல்லே என்று ஒரு சிறிய தெரு உண்டு. அத்தெருவின் ஆறாம் எண் மாளிகையில் இன்று ஒரு சங்கீதப் பள்ளி நடக்கிறது. பார்ப்பவர்கள் அதை அந்தக் காலத்துப் பிரபு யாரோ கட்டிய வீடு என்றே நினைப்பார்கள். ஆனால் கட்டியவர் பிரபு அல்லர். வெண்கலத்தை உளியால் செதுக்கி, அதற்குத் தங்க முலாம் பூசிப் பிழைத்த ஒரு தொழிலாளி. அந்த வீட்டில் அவர் நிம்மதியாக வாழவும் இல்லை. பட்ட கடனுக்காக அது கை மாறிப் போயிற்று. அவருக்குப் பணம் தர வேண்டியிருந்தவர்களோ பிரான்ஸ் தேசத்திலேயே பெரிய இடத்து மனிதர்கள்.

அவர் பெயர் பியேர் குத்தியேர். பதினைந்தாம் லூயி, பதினாறாம் லூயி ஆகிய இரு மன்னர்களின் காலத்தில் வெண்கல அலங்கார வேலையில் முதல் வரிசையில் நின்றவர். அரண்மனைகளின் கணப்புகளை அவர் கை அலங்கரித்தது. அவருடைய வேலைப்பாடுகள் பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் கலைக்கூடங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் காக்கப்படுகின்றன. அவற்றைச் செய்தவரோ வறுமையில் இறந்தார்.

சேணம் தைப்பவர் மகன்

குத்தியேர் 1732ஆம் ஆண்டு ஷாம்பேன் பகுதியிலுள்ள பார்-சூர்-ஓப் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். இளம் வயதிலேயே பாரிஸுக்கு வந்த குத்தியேர், பிரான்ஸுவா செரிஸே என்ற முலாம் பூச்சுக்காரரின் பட்டறையில் சேர்ந்தார். செரிஸே 1756இல் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1758இல், குத்தியேர் தம் தொழிலில் மாஸ்டர் என்ற தகுதியைப் பெற்றார். அதே ஆண்டில் செரிஸேயின் விதவையை மணந்துகொண்டார். இப்படிப் பட்டறையும் அவர் கைக்கு வந்தது. ஆசானின் விதவையை மணந்து தொழிலைத் தொடர்வது அந்தக் காலத்துப் பாரிஸில் சாதாரணமாக நடந்ததுதான்.

பட்டறை சேன் நதிக்கரையில், பெல்த்தியே துறையில் இருந்தது. கடையின் அடையாளப் பலகை தங்க பக்கிள். அவர் 1771இல் செய்து முடித்த ஒரு கடிகாரத்தில் தம் பெயரோடு இந்த விலாசத்தையும் பொறித்து வைத்திருக்கிறார். அவிஞோன் நகரத்தார் ரோஷ்ஷுவார் பிரபுவுக்கு அன்பளிப்பாகத் தந்த கடிகாரம் அது. இப்போது லண்டன் வாலஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது.

ஆரம்ப ஆண்டுகளில் அவர் பிரான்ஸுவா-தோமா ஜெர்மேன் என்ற புகழ்பெற்ற வெள்ளி வேலைக்காரருக்கு முலாம் பூசிக் கொடுத்தார். ஐரோப்பிய அரச குடும்பங்கள் பலவற்றுக்கும் வெள்ளிப் பாத்திரம் செய்து அனுப்பியவர் ஜெர்மேன். அப்பேர்ப்பட்டவரே 1765இல் திவாலானார். பெரிய இடத்து வாடிக்கையால் மட்டும் ஒரு தொழில் நிலைத்து விடாது என்பதற்கு அது கண்முன் கிடைத்த எச்சரிக்கை. இளம் குத்தியேர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

வீட்டின் முகம்

நம்மில் பலருக்கு அடுப்பு என்றால் சமையலறைதான் நினைவுக்கு வரும். வடக்கே குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்குக் கரிச்சட்டியைச் சுற்றி அமரும் பழக்கம் தெரிந்திருக்கும். ஐரோப்பாவில் அந்த நெருப்புக்குச் சுவரிலேயே இடம் ஒதுக்கி, மேலே புகைபோக்கி அமைத்தார்கள். அதுதான் கணப்பு. விருந்தினர் வந்தால் அதன் அருகேதான் அமர்வார்கள். ஆகவே அறைக்குள் நுழைபவரின் கண் முதலில் போய் நிற்கும் இடமும் அதுவே ஆயிற்று.

பழைய கோட்டைகளில் ஆள் நிற்கும் உயரத்துக்குக் கணப்பு இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு மாளிகைகளில் அது சிறியதாகி, இடுப்பளவு உயரத்துக்கு இறங்கிற்று. அதைச் சுற்றிச் சலவைக்கல் சட்டம். சட்டத்தின் மேல் பலகையில் கடிகாரமும் ஜாடிகளும். அதற்கு மேல் பெரிய நிலைக்கண்ணாடி, அதன் இரு பக்கமும் மெழுகுவத்திக் கைகள். நெருப்புக்கு முன்னால் இரண்டு விறகுதாங்கிகள். பின்னே உள்ள இரும்புப் பாகம் விறகைத் தாங்கும். அறையைப் பார்த்து நிற்கும் முன்பாகம் வெண்கலச் சிற்பமாக இருக்கும்.

குத்தியேர் தொழிலுக்கு வந்த சமயம், ரசனையும் மாறிக்கொண்டிருந்தது. இத்தாலியில் 1738இல் ஹெர்குலேனியம், 1748இல் பாம்பேய் ஆகிய புதையுண்ட நகரங்களைத் தோண்டத் தொடங்கியதிலிருந்து, பண்டைய ரோமாபுரியின் மீது ஐரோப்பாவுக்குத் தனி மோகம் பிறந்தது. கிளிஞ்சலைப் போலச் சுருண்டு நெளிந்த பழைய அலங்காரம் போய், நேர்கோடும் அளவும் கொண்ட புதிய பாணி வந்தது. கணப்பின் இரு தூண்களும் நிமிர்ந்து நின்றன. அவற்றில் ஆட்டுக்கடாத் தலை, வாகை மாலை, திராட்சைக் கொடி ஆகியவை ஏறின. இந்தச் சிறு அலங்காரங்களில்தான் குத்தியேரின் கை பேசிற்று. அவர் செதுக்கிய இலையில் நரம்பு தெரியும். திராட்சையில் பழத்தின் பளபளப்பே தெரியும்.

பாதரசமும் தங்கமும்

ஒரு கணப்பைப் பலர் சேர்ந்தே செய்தார்கள். கட்டடக் கலைஞர் வரைபடம் தருவார். சிற்பி மெழுகிலோ களிமண்ணிலோ மாதிரி செய்வார். வார்ப்புக்காரர் அதை மணல் அச்சில் வெண்கலமாக வார்ப்பார். அச்சிலிருந்து வரும் வெண்கலம் சொரசொரப்பானது. அதைச் சின்னஞ்சிறு உளிகளால் நாள் கணக்கில் செதுக்கிச் சீராக்குவது ஒரு வேலை. முலாம் பூசுவது இன்னொரு வேலை. கடைசி இரண்டும் குத்தியேருடையவை.

முலாம் பூச, தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் போன்ற கலவையாக்குவார்கள். அதை வெண்கலத்தின் மேல் தடவிக் கரி நெருப்பில் காட்டுவார்கள். சூட்டில் பாதரசம் ஆவியாகிப் போய்விடும். தங்கம் மட்டும் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்தால் கண்ணைப் பறிக்கும் மினுக்கு வரும். மினுக்கு வேண்டாத இடத்தில் உப்புக் கலவையைத் தடவிச் சூடேற்றி நீரில் அமிழ்த்துவார்கள். அங்கே தங்கம் மென்மையாக, ஒளி அடங்கித் தோன்றும். இந்த மங்கல் முலாம் முறையைக் கண்டுபிடித்த பெருமை நெடுங்காலமாகக் குத்தியேருக்கே அளிக்கப்பட்டு வருகிறது. மங்கலையும் மினுக்கையும் ஒரே இலையில் அருகருகே வைத்து, அந்த இலைக்கு உயிர் கொடுப்பதில் அவரே தலைசிறந்தவர்.

ஆனால் ஆவியாகிப் போன பாதரசம் எங்கே போயிற்று? நெருப்பின் மேல் குனிந்து நின்றவர்களின் சுவாசத்தில் போயிற்று. முலாம் பூச்சுத் தொழிலாளர்களுக்குக் கை நடுக்கம் காணும், பல் ஆடும், பலர் அற்பாயுளில் மாண்டனர். சீமாட்டிகள் குளிர்காய்ந்த கணப்புகளில் மின்னிய பொன்னுக்கு இந்த விலையும் கொடுக்கப்பட்டிருந்தது.

து பாரியின் மாளிகை

மன்னரின் விழாக்களையும் கேளிக்கைகளையும் கவனிக்கும் இலாகாவுக்கு முலாம் பூச்சுக்காரராகக் குத்தியேர் 1767இல் நியமனம் பெற்றார். பின்னாளில் பதினாறாம் லூயி ஆன இளவரசருக்கும் மேரி அன்டாய்னெட்டுக்கும் 1770இல் திருமணம் நடந்தபோது, மணமகளின் நகைப் பேழைக்கு வெண்கல வேலை செய்தவர் அவர்தான்.

அப்போது பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகியாக இருந்தவர் மேடம் து பாரி. ஏழைத் தையற்காரியின் மகளாகப் பிறந்து, அழகால் அரசரின் அருகே வந்து சேர்ந்தவர். பாரிஸுக்கு அருகே லூவ்சியேன் என்னுமிடத்தில், சேன் நதியைப் பார்த்தபடி அவருக்கு ஒரு விருந்து மாளிகை எழுந்தது. கட்டியவர் லெதூ என்ற இளம் கட்டடக் கலைஞர். 1771 செப்டம்பர் 2ஆம் தேதி மன்னரே வந்து விருந்துண்ண, மாளிகை திறக்கப்பட்டது.

அதன் வெண்கல அலங்காரம் குத்தியேரின் பொறுப்பு. கணப்புகளிலிருந்து கதவுக் கைப்பிடி, பூட்டு வரையில் அவர் வேலை பரவியது. கைப்பிடி என்பது கையால் பற்றித் திருப்பும் சாமான்தான். அதையும் அவர் ஓர் ஆபரணம் போலச் செய்து கொடுத்தார். அந்த மாளிகைக்காக ஓவியர் ஃப்ராகோனார் தீட்டிய காதல் ஓவியங்களைச் சீமாட்டி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். குத்தியேரின் வெண்கலமோ திரும்பி வரவில்லை. ஆனால் அதற்கான பணமும் முழுதாக வரவில்லை.

அக்காலத்து வழக்கம் அப்படி. கைவினைஞர் வேலையை முடித்துப் பட்டியல் அனுப்புவார். கட்டடக் கலைஞர் அதைச் சரிபார்த்துத் தொகையைக் குறைப்பார். மீதியைச் சீமான்கள் தங்களுக்கு வசதிப்பட்டபோது, தவணை தவணையாகக் கொடுப்பார்கள். கைவினைஞருக்கோ தங்கம் வாங்கியாக வேண்டும். ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். இவை இரண்டும் யாருடைய வசதிக்காகவும் காத்திருப்பதில்லை. 1774 மே 10ஆம் தேதி மன்னர் பதினைந்தாம் லூயி அம்மை கண்டு இறந்தார். மேடம் து பாரி ஒரு கன்னி மடத்துக்கு அனுப்பப்பட்டார். குத்தியேரின் கணக்கு பாக்கியாகவே நின்றது.

ஒட்டகம் காத்த நெருப்பு

அவர் மனம் தளரவில்லை. வேலை இன்னும் மிகுதியாக வந்தது. புதிய ராணி மேரி அன்டாய்னெட், ஃபோந்தேன்புளோ அரண்மனையில் துருக்கிப் பாணியில் ஒரு சிறிய அந்தரங்க அறை அமைத்துக்கொண்டார். அந்த அறைக் கணப்பின் வெண்கல வேலையைக் குத்தியேர் 1777இல் செய்தார். நெருப்பின் முன்னே வைக்க இரண்டு விறகுதாங்கிகளும் செய்தார். அவற்றில் சிங்கமோ கழுகோ இல்லை. கிழக்கு நாட்டு அறைக்குப் பொருத்தமாக இரண்டு ஒட்டகங்கள். அவை இப்போது பாரிஸ் லூவர் கலைக்கூடத்தில் உள்ளன.

அதே ஆண்டில் மன்னரின் தம்பி ஆர்த்துவா பிரபு, ராணியிடம் பந்தயம் கட்டி, பகாத்தேல் என்ற மாளிகையை ஏறத்தாழ இரண்டே மாதங்களில் கட்டி முடித்தார். கட்டடக் கலைஞர் பெலாஞ்சே. அங்கேயும் குத்தியேரின் வெண்கலம் ஏறியது.

அவருடைய ஆதரவாளர்களில் மிக முக்கியமானவர் ஓமோன் பிரபு. அரச விழா இலாகாவே அவர் மேற்பார்வையில்தான் இருந்தது. அரிய கற்களைத் தேடித் தேடிச் சேர்ப்பது அவர் பித்து. ஜாஸ்பர், போர்ஃபிரி போன்ற கற்களில் கடைந்த கிண்ணங்களுக்கும் ஜாடிகளுக்கும் வெண்கலப் பூண் கட்டித் தருவது குத்தியேரின் வேலை. பிரபுவின் மருமகளான மஸாரேன் சீமாட்டியும் பாரிஸில் நதிக்கரையில் இருந்த தம் மாளிகையின் பெரிய கூடத்தைப் புதுப்பிக்க அவரையே அழைத்தார். அக்கூடத்துக்காகச் செய்த நீலச் சலவைக்கல் மேஜை இன்று நியூயார்க்கின் ஃப்ரிக் கலைக்கூடத்தில் இருக்கிறது. லூவ்சியேனில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட ஃப்ராகோனாரின் ஓவியங்களும் அதே கலைக்கூடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன.

இந்த நல்ல காலத்தில்தான் அவர் செயின்ட் மார்ட்டின் புறநகரில் நிலம் வாங்கி, மாளிகை கட்டினார். வர வேண்டிய பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில், கடன் வாங்கிக் கட்டினார்.

ஏலப் பட்டியலில் ஓர் எழுத்து

மஸாரேன் சீமாட்டி 1781இல் காலமானார். அவர் விட்டுச் சென்றவற்றில் கடன்களும் ஏராளம். குத்தியேருக்குச் சேர வேண்டியதும் அவற்றில் ஒன்று. மறு ஆண்டே ஓமோன் பிரபுவும் இறந்தார். ஓராண்டு இடைவெளியில் இரண்டு பெரிய வாடிக்கைகள் போயின.

பிரபுவின் சேகரிப்பு 1782 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தது. ஏலப் பட்டியலை அச்சிட்டவர்கள், குத்தியேரின் கைவேலைப்பாடு உள்ள பொருள்களுக்கு எதிரே அவர் பெயரின் முதல் எழுத்தைத் தனியாகக் குறித்திருந்தார்கள். ஓவியர்களின் பெயரைச் சொல்லிப் படங்களை விற்பது உண்டு. வெண்கல வேலைக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லிச் சாமான் விற்பது அபூர்வம். மன்னர் பதினாறாம் லூயி பல பொருள்களை வாங்கினார். சிவந்த ஜாஸ்பர் கிண்ணம் பொருத்திய தூபக் கலசம் ஒன்றை ராணி மேரி அன்டாய்னெட் 12,000 லிவ்ர் கொடுத்து வாங்கினார். பாரிஸில் ஒரு நல்ல தொழிலாளி நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிவ்ர் சம்பாதித்த காலம் அது. பதினாறு ஆண்டுகள் ஒரு நாள்கூட ஓயாமல் உழைத்தால்தான் அந்தக் கலசத்தின் விலை சேரும்.

ஏலத்தில் கிடைத்த பணம் பிரபுவின் வாரிசுகளுக்குப் போயிற்று. புகழ் மட்டும் குத்தியேருக்கு வந்தது. புகழைக் காட்டிக் கடன்காரர்களை எத்தனை நாள் நிறுத்தி வைக்க முடியும்? 1787இல் அவர் திவாலானார். ஆசையோடு கட்டிய மாளிகையும் கையை விட்டுப் போனது.

வராத கணக்கு

இரண்டு ஆண்டுகளில் புரட்சி வெடித்தது. கணப்புக்கு வெண்கலம் கேட்டவர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். ஓடாதவர்களில் பலர் சிறைக்குப் போனார்கள். வெர்சேல்ஸ் அரண்மனையின் சாமான்களே 1793, 1794 ஆண்டுகளில் மாதக்கணக்காக ஏலம் போடப்பட்டன. புதிதாகச் செய்யச் சொல்வதற்கு யார் இருந்தார்கள்?

லூவ்சியேனுக்குத் திரும்பி வாழ்ந்து வந்த மேடம் து பாரி, 1793 டிசம்பர் 8ஆம் தேதி கில்லட்டினுக்கு இரையானார். அவர் சொத்து அரசாங்கத்தின் வசமாயிற்று. அந்தச் சொத்திலிருந்து தமக்கு வர வேண்டியதாகக் குத்தியேர் கோரிய தொகை 7,56,000 லிவ்ர் என்பார்கள். முன்சொன்ன தொழிலாளியின் கூலிக் கணக்குப்படி, ஒரு மனிதன் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உழைத்துப் பெறும் தொகை. சீமாட்டி இருந்தவரை, தருகிறேன் என்று சொல்லவாவது ஒருவர் இருந்தார். இப்போது எதிரே இருந்தது ஓர் அலுவலகமும் அதன் கோப்புகளும்தான். புரட்சி அரசாங்கம் அச்சடித்த காகிதப் பணமோ நாளுக்கு நாள் மதிப்பிழந்து வந்தது.

குத்தியேரின் கடைசி ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. முதியோர் விடுதியில் இடம் கேட்டு மனுப் போடும் நிலைக்கு அவர் வந்தார். 1813இல் பாரிஸில் காலமானார். அப்போது அவருக்கு வயது எண்பதை ஒட்டி இருந்தது. அவருக்குப் பின் வாரிசுகள் அந்தப் பழைய பாக்கிக்காக வழக்காடினார்கள். ஆண்டுகள் பல சென்றபின் கிடைத்தது, கேட்டதில் ஒரு சிறு பகுதிதான்.

அவர் பட்டறையில் வேலை பழகியவர் என்று சொல்லப்படும் தோமீர், நெப்போலியன் காலத்தில் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து வெண்கலத் தொழிற்சாலை நடத்தினார். குத்தியேரையோ உலகம் விரைவில் மறந்தது. அவர் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கூடப் பழைய புத்தகங்கள் தவறாகவே எழுதி வந்தன. 1870இல் தாவிலியே பிரபு அந்தப் பழைய ஏலப் பட்டியலை மறுபதிப்பாக வெளியிட்ட பிறகுதான் செல்வந்தர்கள் அவர் வேலையைத் தேட ஆரம்பித்தார்கள். உடனே மறுகோடிக்குப் போய், அந்தக் காலத்து நல்ல வெண்கலம் எதைக் கண்டாலும் அவர் பெயரைச் சூட்டினார்கள். பட்டியல்களையும் ரசீதுகளையும் ஆவணக் காப்பகங்களில் தேடிப் பிடித்து, எது உண்மையில் அவருடையது என்று பிரித்துச் சொன்னது பிற்கால ஆராய்ச்சி. ஃப்ரிக் கலைக்கூடம் 2016இலும், பாரிஸ் அலங்காரக் கலைக்கூடம் 2017இலும் அவருக்கென்றே கண்காட்சி நடத்தின. பணம் வசூலிக்க உதவாத அந்தப் பட்டியல்கள்தான், கடைசியில் அவர் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தன.

முலாம் பூச்சுத் தொழிலாளர்களின் நிலைமைக்கும் ஒரு விடிவு பிறந்தது. ராவ்ரியோ என்ற வெண்கல வியாபாரி 1814இல் இறந்தபோது, பாதரச ஆவியிலிருந்து தொழிலாளரைக் காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயில் எழுதி வைத்திருந்தார். அந்தப் பரிசை 1818இல் தார்சே என்ற ரசாயன அறிஞர் பெற்றார். அவர் சொன்ன வழி மிக எளியது. முலாம் பூசும் அடுப்பின் மேல் ஒரு கூண்டும், நன்றாக இழுக்கும் புகைபோக்கியும் அமைத்தால் விஷ ஆவி வெளியே போய்விடும் என்றார். சீமான்களின் கணப்புகளில் எவ்வளவோ காலமாக இருந்து வந்த புகைபோக்கிதான் அது. கணப்பைப் பொன்மயமாக்கியவர்களின் பட்டறைக்கு அது வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று. குத்தியேர் இறந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஃபோந்தேன்புளோவின் துருக்கி அறை பழுதுபார்க்கப்பட்டு 2015இல் மறுபடியும் திறக்கப்பட்டது. அந்தக் கணப்பு அங்கேயே இருக்கிறது. இப்போது அதில் யாரும் விறகு அடுக்குவதில்லை. 1777இல் பூசிய தங்கம் மட்டும், மங்கலும் மினுக்குமாக, அவர் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது.